கண்ணாடிக் கதவைக் கண்டு மயங்க வேண்டாம்
வீட்டுக்குக் குளிர்ப்பெட்டி வாங்குவோர் கவனத்திற்கு

மார்ச் மாதம் கடந்துவிட்டால் மும்பையில் ஒற்றை அறையில் குடியிருக்கும் குடும்பங்களுக்குப் பால் ஒரு பிரச்சினை. காலையில் காய்ச்சி வைத்த பால், மாலை வேலை முடிந்து திரும்புவதற்குள் திரிந்துவிடுகிறது. முதல் நாள் அரைத்த இட்லி மாவு மறுநாள் மாலைக்குள் புளித்துப் பொங்கிப் பாத்திரத்துக்கு வெளியே வழிகிறது. தகரக் கூரையின் கீழ் வசிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. "இந்த வருடமாவது ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிவிட வேண்டும்" என்ற பேச்சு தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பகுதித் தமிழர் வீடுகளில் இந்தச் சமயத்தில்தான் எழுகிறது.

புதிதாக வாங்கப் பணம் போதாதவர்கள் பழைய சாமான் கடைகளை நாடுகிறார்கள். பணக்கார வீடுகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் கழித்துவிடப்பட்ட சாமான்கள் அங்கே வந்து சேருகின்றன. ஃபிரிட்ஜுகளுக்கு நடுவே இப்போது இன்னொரு வகைப் பெட்டியும் கண்ணில் படுவதுண்டு. இடுப்பு உயரம், கறுப்பு நிறம், கண்ணாடிக் கதவு, உள்ளே நீல விளக்கு, அலை அலையாக வளைந்த கம்பித் தட்டுகள். பார்ப்பதற்கு லட்சணமாக இருக்கும். இடத்தையும் அடைக்காது. விலையும் சகாயம்.

இது ஒயின் பாட்டில்களைப் பாதுகாப்பதற்காகச் செய்யப்பட்ட அலமாரி. பால் வைக்கலாமா என்று கேட்டால், "எல்லாம் வைக்கலாம், உள்ளே சில்லென்று இருக்கும்" என்பார் கடைக்காரர். சில்லென்று இருப்பது உண்மைதான். எத்தனை டிகிரி சில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைக் கேட்காமல் வாங்கினால் பணமும் போகும், பாலும் போகும். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் அவருடைய மருந்தும் வீணாகும்.

கப்பலில் வந்த குளிர்

குளிரை விலை கொடுத்து வாங்கும் பழக்கம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வியாபாரி ஃப்ரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, 1833-இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். நான்கு மாதப் பயணத்தில் ஒரு பகுதி கரைந்துபோக, மீதி வந்து சேர்ந்தது. பின்னர் பம்பாயிலும் சென்னையிலும் இதற்கென்றே கிடங்குகள் எழுந்தன. சென்னைக் கடற்கரையில் இன்றும் "ஐஸ் ஹவுஸ்" என்று மக்கள் அழைக்கும் கட்டிடம் அப்படிக் கட்டப்பட்டதுதான். 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியதால் இப்போது அது விவேகானந்தர் இல்லம்.

இயந்திரத்தால் ஐஸ் செய்யும் முறை வந்ததும் கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது. இந்தியாவிலேயே ஃபிரிட்ஜ் தயாரிப்பதை கோத்ரெஜ் நிறுவனம் 1958-இல் தொடங்கியது. வெகு காலம் வரை அது கல்யாணச் சீரில் வரும் பெரிய பொருளாக, கூடத்தில் எல்லோர் பார்வையிலும் படும்படி வைக்கப்படும் பொருளாக இருந்தது. இன்று குடிசைப் பகுதியிலும் அது அத்தியாவசியப் பொருள்.

பெட்டிக்குப் பெட்டி டிகிரி வேறு

சாதாரண வீட்டு ஃபிரிட்ஜின் உள்ளே 4 அல்லது 5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். உணவைக் கெடுக்கும் கிருமிகள் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் வேகமாகப் பெருகும். 5 டிகிரிக்குக் கீழே போனால் அவை சாவதில்லை. ஆனால் பெருகும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். ஃபிரிட்ஜ் செய்யும் வேலை இவ்வளவுதான். மேலே உள்ள ஃப்ரீசரில் இன்னும் குளிர் அதிகம். ஐஸ் உறைய வேண்டும் என்பதால் பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

ஒயின் அலமாரியின் கணக்கு வேறு. ஒயினுக்கு உகந்தது 12 முதல் 14 டிகிரி. ஐரோப்பாவில் நிலத்துக்கு அடியில் கட்டிய அறைகளில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய இந்தக் குளிர் தானாகவே இருக்கும். அந்த நிலவறையின் குளிரை வீட்டுக்குள் கொண்டுவருவதற்காகச் செய்த பெட்டிதான் இது. ஆகவே இதன் பொத்தான்கள் பெரும்பாலும் 8 டிகிரியிலிருந்து 18 டிகிரி வரைதான் வேலை செய்யும். சில வகைகள் 5 டிகிரி வரை இறங்கும். அவற்றிலும், அடிக்கடி திறந்து மூடி, சூடாறாத பாத்திரத்தை உள்ளே வைத்தால் மறுபடி குளிர வெகு நேரம் பிடிக்கும். அந்த மாதிரிப் புழக்கத்துக்காக அவை செய்யப்படவில்லை.

மூன்றாவது வகை, கூல்டிரிங்ஸ் கடைகளில் நிற்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டி. அது நன்றாகவே குளிரும். ஆனால் கரண்ட்டை விழுங்கும். மேலும் இத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் குளிர்பானக் கம்பெனிகள் கடைக்காரர்களுக்கு இரவலாகத் தந்தவை. சொத்து கம்பெனியுடையது. கம்பெனி முத்திரையும் எண்ணும் உள்ள பெட்டியைப் பில் இல்லாமல் வாங்கி வீட்டில் வைப்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

ஒயின் அலமாரி யாருக்கு?

ஒயின் அலமாரியே கூடாது என்று பொருள் அல்ல. அதற்கென்று உள்ள வேலையை அது நன்றாகச் செய்யும். மும்பையில் ஓட்டல்களிலும் பெரிய வீடுகளிலும் சமையல், வீட்டுப் பராமரிப்பு, கார் ஓட்டுதல் ஆகிய வேலைகளில் இருக்கும் தமிழர்கள் பலர். முதலாளிக்காக இதை வாங்கி வரும் பொறுப்பும் துடைத்துப் பராமரிக்கும் பொறுப்பும் அவர்கள் தலையில் விழுவதுண்டு. ஆகவே விவரம் தெரிந்திருப்பது நல்லது.

நாசிக் வட்டாரத்தில் சூலா நிறுவனத்தின் முதல் ஒயின் ஆலை 2000-இல் திறக்கப்பட்ட பிறகு அங்கே இந்தத் தொழில் பெருகியது. பெங்களூருக்கு அருகே நந்தி மலை அடிவாரத்திலும் ஒயினுக்கான திராட்சை பயிராகிறது. நம் கம்பம் பள்ளத்தாக்கும் திராட்சைக்குப் பேர்போனதுதான். அங்கு விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஒயினைக் கெடுப்பவை நான்கு: வெயில் சூடு, வெளிச்சம், அதிர்வு, காற்று. சூடு பட்டால் ருசி போய்விடும். வெளிச்சம் நிறத்தையும் மணத்தையும் மாற்றும். அதிர்வினால் அடியில் படிந்த கசடு கலங்கும். தக்கை காய்ந்து சுருங்கினால் காற்று உள்ளே புகுந்து ஒயின் நாளடைவில் புளித்துப்போகும். தக்கை ஈரமாகவே இருக்கட்டும் என்றுதான் பாட்டிலைப் படுக்க வைக்கிறார்கள். தட்டுகள் வளைந்திருப்பதும் இதற்காகவே. திருகு மூடி போட்ட பாட்டிலைப் படுக்க வைக்கத் தேவையில்லை. சாதாரண ஃபிரிட்ஜில் குளிரும் அதிகம், காற்றும் வறண்டது. மாதக்கணக்கில் வைத்தால் தக்கை காய்ந்துவிடும்.

வாங்கும்போது முதலில் பாட்டில்களை எண்ண வேண்டும். ஆறு எட்டு பாட்டில்களை வாங்கி ஒன்றிரண்டு மாதத்தில் முடித்துவிடும் வீட்டுக்கு அலமாரியே வேண்டாம். நம் நாட்டில் விற்பனையாகும் சாதாரண ஒயின்கள் பலவும் ஓரிரு ஆண்டுக்குள் குடித்துவிட வேண்டியவை. ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைப்பவருக்குத்தான் இது பயன்படும். அப்படி வாங்குபவர் கதவில் இரட்டைக் கண்ணாடி இருக்கிறதா, அது வெளிச்சத்தைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடியா, சூடான காற்று முன்புறமாக வெளியேறுகிறதா பின்புறமாகவா என்று பார்க்க வேண்டும். பின்புறமாக வெளியேறும் பெட்டியைச் சுவரோடு ஒட்டியோ மர அலமாரிக்குள் செருகியோ வைத்தால் சூடு போக வழியில்லாமல் சீக்கிரம் பழுதாகும்.

கம்ப்ரஸர் இல்லாத பெட்டி

ஒயின் அலமாரிகளிலும், கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கும் குட்டி ஃபிரிட்ஜ்களிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று வழக்கமான கம்ப்ரஸர் வகை. மற்றொன்றில் கம்ப்ரஸரும் இல்லை, கேஸும் இல்லை. இரு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் என்பதை ழான் பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1834-இல் கண்டார். அந்தத் தத்துவத்தில் ஒரு சிறு தகடும் ஒரு விசிறியும் வைத்து இந்தப் பெட்டியைச் செய்கிறார்கள். சத்தம் இல்லை, அதிர்வு இல்லை, எடை குறைவு, விலையும் குறைவு. ஏ.சி. அறையில் ஒயின் வைக்க இது போதும்.

ஆனால் இதற்கு ஒரு குறை உண்டு. அறையில் உள்ள சூட்டைவிடச் சுமார் 15 முதல் 20 டிகிரி வரைதான் இது குறைத்துத் தரும். ஏ.சி. அறையில் 24 டிகிரி இருந்தால் உள்ளே 6 டிகிரி வரைகூட இறங்கலாம். மே மாதத்தில் தகரக் கூரையின் கீழ் 36 டிகிரி இருந்தால், எப்படி ஓட்டினாலும் உள்ளே 16 டிகிரிக்குக் கீழே போகாது. கடையில் குளிர்ந்து காட்டிய பெட்டி வீட்டுக்கு வந்ததும் குளிராததற்கு இதுவே காரணம். பெட்டியில் கோளாறு ஒன்றுமில்லை.

வேண்டிய குளிர் வராததால் இது ஓயாமலும் ஓடும். 60 வாட் பெட்டி 24 மணி நேரம் ஓடினால் 1.44 யூனிட் ஆகிறது. நல்ல நட்சத்திர முத்திரை உள்ள பெரிய ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு அரை யூனிட்டுக்குள் வேலையை முடித்துவிடும். சின்னப் பெட்டி என்றால் சின்ன பில் என்று எண்ணுவது தவறு.

மாவும் பாலும் மருந்தும்

இட்லி மாவு புளிப்பதற்கு 30 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். புளித்து எழுந்த மாவை 4, 5 டிகிரியில் வைத்தால் புளிப்பு அந்த அளவில் ஏறக்குறைய நின்றுவிடும். மூன்று நான்கு நாட்களுக்கு வைத்துச் சுடலாம். 14 டிகிரியில் வைத்தால் மெதுவாகப் புளித்துக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அரைத்து வாரம் முழுவதும் ஓட்டலாம் என்ற கணக்கு அங்கே தப்பிவிடும். பால், சமைத்த குழம்பு, மீன் ஆகியவற்றுக்கு 14 டிகிரி சற்றும் போதாது. சில்லென்று இருப்பதால் கெடவில்லை என்று நம்பி உண்பவர்களுக்கு வயிற்றுப்போக்கு வரும்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். திறக்காத இன்சுலின் குப்பிகளையும் பேனாக்களையும் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையில் வைக்க வேண்டும். திறந்து உபயோகத்தில் உள்ளதைப் பெரும்பாலும் நான்கு வாரம் வரை, 25 அல்லது 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் வெளியிலும் வைக்கலாம். மருந்துக்கு மருந்து இந்தக் கெடு மாறும் என்பதால் உள்ளே இருக்கும் காகிதத்தைப் படித்தோ மருந்துக் கடைக்காரரைக் கேட்டோ தெரிந்துகொள்ள வேண்டும்.

குளிர் கூடினாலும் ஆபத்துதான். ஃப்ரீசரிலோ அதை ஒட்டியோ வைத்து உறைந்துவிட்ட இன்சுலின், பிறகு உருகினாலும் உதவாது. தூக்கி எறிய வேண்டியதுதான். கதவு அடிக்கடி திறக்கப்படுவதால் கதவுத் தட்டும் ஏற்ற இடம் அல்ல. நடுத் தட்டில் ஒரு மூடி போட்ட டப்பாவுக்குள் வைப்பது உத்தமம். கெட்டுப்போன இன்சுலின் பல சமயம் பார்வைக்குத் தெரிவதில்லை. ஊசி போட்டும் சர்க்கரை இறங்காதபோதுதான் தெரியவரும்.

தக்காளி, வாழைப்பழம், மாம்பழம் ஆகியவற்றுக்கு மட்டும் 13 டிகிரிவாக்கில் இருப்பதே நல்லது. வாழைப்பழம் ஃபிரிட்ஜில் கறுத்துப்போவது அதிகக் குளிரால்தான். முதலாளி வீட்டில் "எடுத்துக்கொண்டு போ" என்று ஒயின் அலமாரியை இனாமாகக் கொடுத்தால் இந்தப் பழங்களை வைத்துக்கொள்ளலாம். அதற்காக மாதாமாதம் கரண்ட்டுக்குப் பணம் கட்டத் தகுமா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ள வேண்டும்.

பில் கணக்கு

புதிய ஃபிரிட்ஜ்களில் ஒட்டப்பட்டிருக்கும் நட்சத்திர முத்திரையைப் பலரும் பார்க்கிறார்கள். அதே முத்திரையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்ப்பவர்கள் குறைவு. அந்தப் பெட்டி ஓர் ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவழிக்கும் என்பதே அந்த எண். நட்சத்திரத்தைவிட அதுதான் முக்கியம். நட்சத்திர அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். பழைய ஆண்டின் ஐந்து நட்சத்திரமும் புதிய ஆண்டின் ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. முத்திரையில் உள்ள ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு பெட்டியில் 130 யூனிட் என்றும் மற்றொன்றில் 200 யூனிட் என்றும் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 70 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 560 ரூபாய். முதல் பெட்டி 2,500 ரூபாய் கூடுதல் விலை என்றாலும் நாலரை ஆண்டில் அந்தப் பணம் திரும்பிவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம்.

பழைய பெட்டியின் கணக்கு இதைவிட முக்கியமானது. தேய்ந்துபோன கம்ப்ரஸரும் தளர்ந்த கதவு ரப்பரும் உள்ள பெட்டி நாளைக்கு 2 யூனிட் இழுக்கிறது என்றால் மாதம் 60 யூனிட். அதே 8 ரூபாய்க் கணக்கில் 480 ரூபாய். ஆண்டுக்கு 150 யூனிட் செலவழிக்கும் புதுப் பெட்டிக்கு மாதம் 100 ரூபாய் ஆகும். மாதாமாதம் 380 ரூபாய் வீதம் ஓர் ஆண்டில் 4,560 ரூபாய் அதிகம். நாலாயிரம் ரூபாய்க்குக் கிடைத்த மலிவுப் பெட்டி ஒரே ஆண்டில் தன் விலையை இன்னொரு முறை வாங்கிக்கொண்டுவிடுகிறது. யூனிட் கூடக் கூட விலையும் கூடும் அடுக்கு முறை இருப்பதால், கீழ் அடுக்கில் இருந்த வீடு மேல் அடுக்குக்குப் போய் மொத்த பில்லும் ஏறக்கூடும். வீட்டுக்காரரிடம் சப்-மீட்டருக்குப் பணம் கட்டும் வாடகைக்காரர்கள், யூனிட்டுக்கு அவர் எவ்வளவு வாங்குகிறார் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஐஸ் கட்டினால் நாமே கரைக்க வேண்டும். இரட்டைக் கதவு வகைகளில் பெரும்பாலானவை தானாகவே கரைத்துக்கொள்ளும். ஆனால் விலையும் கரண்ட் செலவும் கூடுதல். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 180 அல்லது 190 லிட்டர் ஒற்றைக் கதவுப் பெட்டி போதுமானது.

பழைய பெட்டி வாங்கும்போது

கையில் உள்ள பணத்துக்குப் பழையதுதான் வாங்க முடியும் என்பவர்கள் பின்வருவனவற்றைக் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

முதலாவது, கதவு ரப்பர். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவு இடுக்கில் பாதி வெளியே தெரியும்படி வைத்து மூடவும். இழுத்தால் பிடிமானத்தோடு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று பொருள். நான்கு பக்கமும் இப்படிப் பார்க்க வேண்டும். ரப்பர் மட்டும் கோளாறு என்றால் மாற்றிக்கொள்ளலாம். அதைச் சொல்லி விலையையும் குறைக்கலாம்.

இரண்டாவது, பின்புறத் தகட்டில் உள்ள கேஸ் பெயர். ஆர்-12 என்று இருந்தால் அந்தப் பெட்டியைத் தொட வேண்டாம். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் அந்த கேஸ், 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி 2010-க்குள் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய பெட்டி என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஆர்-600ஏ என்று இருந்தால் கரண்ட் சிக்கனம். ஆனால் அது எளிதில் தீப்பற்றும் கேஸ். ரிப்பேர் செய்ய, விவரம் தெரிந்த மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும்.

மூன்றாவது, ஃப்ரீசரின் உட்சுவர். கத்தியால் ஐஸைக் குத்திப் பெயர்த்த தழும்பும் அதன் மேல் பூசிய பற்றும் தெரிந்தால் ஒருமுறை கேஸ் போய் அடைத்த பெட்டி என்று கொள்ளலாம். வாங்கிய பிறகும் ஐஸைக் கத்தியால் குத்தக் கூடாது. அரை விரற்கடை கனத்துக்கு ஐஸ் கட்டியதும் சுவிட்சை நிறுத்திவிட்டுத் தானாகக் கரைய விட வேண்டும்.

நான்காவது, ஓட்டம். காலி வயிற்றில் அரை மணி ஓட்டிக் காட்டுவது சோதனையாகாது. காலையில் ஒரு பாத்திரம் தண்ணீரை வைத்துவிட்டு மாலையில் போய்ப் பார்க்க வேண்டும். தண்ணீர் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கேஸ் குறைவு என்றோ கம்ப்ரஸர் தேய்ந்தது என்றோ கொள்ளலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே வைத்துப் பார்த்தால் சந்தேகமே இல்லை.

ஐந்தாவது, உள்ளே கையை வைத்தாலோ வெளித் தகட்டைத் தொட்டாலோ ஷாக் அடிக்கிறதா என்று டெஸ்டரால் பார்ப்பது. மும்பை மழைக்காலத்தில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் திறக்கும் வீடுகளில் இது உயிர்ப் பிரச்சினை. மூன்று முனை பிளக்கும், எர்த் உள்ள பாயிண்ட்டும் கட்டாயம் வேண்டும். எர்த் முனையை ஒடித்துவிட்டு இரண்டு முனைப் பிளக்கில் செருகுவது கூடவே கூடாது.

வைக்கும் இடமும் அனுப்பும் முறையும்

ஒற்றை அறையில் எங்கே வைப்பது என்பது வாங்குவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியது. கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலும் வெயில் படும் ஜன்னல் அருகிலும் வைக்கக் கூடாது. பின்புறம் நான்கு விரல் அகலமாவது இடைவெளி வேண்டும். மழைத் தண்ணீர் புகும் தாழ்வான வீடுகளில் அசையாத மேடையோ இரும்பு ஸ்டாண்டோ போட்டு அதன் மேல் வைக்க வேண்டும். சந்தில் நுழையுமா, படியில் ஏறுமா என்று ஒரு கயிற்றால் அகலத்தை அளந்துகொண்டு கடைக்குப் போவது கூலியை மிச்சப்படுத்தும்.

புதியது வந்ததும் பழையதைத் திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்புவோர் உண்டு. ஃபிரிட்ஜைப் பயணிகள் பெட்டியில் ஏற்ற முடியாது. கையோடு கொண்டுபோகும் பெட்டிக்கு 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் என்ற வரம்பு உண்டு. பார்சல் ஆபீசில் புக் செய்து பிரேக் வேனில்தான் அனுப்ப வேண்டும். தட்டுகளைக் கழற்றித் தனியே கட்டி, கதவைக் கயிற்றால் கட்டி, சாக்கு சுற்றி, நிமிர்த்தி வைக்கும் பக்கம் எது என்று பெரிய எழுத்தில் எழுத வேண்டும். அனுப்புபவர், பெறுபவர் விலாசத்தை இரண்டு இடத்தில் எழுதுவது நல்லது. ரசீதைப் பெறுபவருக்கு உடனே சேர்த்துவிட வேண்டும். வந்த சரக்கைக் கெடுவுக்குள் எடுக்காவிட்டால் தண்டக் கட்டணம் விழும். வழியில் படுக்க வைத்திருப்பார்கள் என்ற சந்தேகம் இருந்தால் ஊரில் இறக்கியதும் ஒரு நாள் நிமிர்த்தி வைத்த பிறகே சுவிட்ச் போட வேண்டும். கம்ப்ரஸர் எண்ணெய் திரும்பத் தன் இடத்துக்கு வர அவகாசம் தேவை.

இப்போதைக்கு எதையும் வாங்க வசதியில்லாதவர்கள் மண்பானையை மறந்துவிட வேண்டாம். பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து நடுவில் ஈர மணலை நிரப்பினால் உள்ளே காய்கறி வாடாமல் இருக்கும். உபயோகத்தில் உள்ள இன்சுலினையும் வெயில் சூட்டிலிருந்து காக்கலாம். ஈரம் காய்வதால் உண்டாகும் குளிர் என்பதால், தில்லி போன்ற வறண்ட ஊர்களில் இது நன்றாக வேலை செய்யும். மும்பையின் ஈரக் காற்றில் பலன் குறைவு. பால் வைக்க எங்குமே ஆகாது.

குளிர்ப்பெட்டி வாங்கப் புறப்படுபவர்கள், அதில் என்னென்ன வைக்கப் போகிறோம் என்பதை முதலில் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்வது நல்லது. பால், மாவு, மீன், மருந்து என்று எழுதிய தாளோடு கடைக்குப் போய், "இந்தப் பெட்டி மே மாதத்தில் எத்தனை டிகிரிக்கு இறங்கும்? ஆண்டுக்கு எத்தனை யூனிட்?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாத கடைக்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்காமல் அடுத்த கடைக்கு நடப்பதே புத்திசாலித்தனம்.